பரீட்சை அறைக்கு வெளியே

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் தம்பியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்து போனபிறகு தலைக்குமேல் நடமாட்டச் சத்தம்கூட இல்லை. தம்பி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறான், காதில் குரல் கேட்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் கவனம்தான் நிற்பதில்லை, பாலை அடுப்பில் வைத்தால் பொங்கி வழிந்தபிறகுதான் திரும்பிப் பார்க்கிறான்.

டாக்டர் ஒரு பட்டறை பற்றிச் சொன்னார். அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை, தங்க அறையும் உண்டு, இவனைப்போல மனச்சிதைவிலிருந்து தேறி வருகிறவர்கள் பத்துப்பேர் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் இவனால் எவ்வளவு நேரம் ஒன்றில் கவனம் வைக்க முடிகிறது என்று பார்க்க வேண்டுமாம், செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கம்ப்யூட்டர் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வந்து மறையும், மூன்றுக்கு அடுத்து ஏழு வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும், கால் மணி நேரம் இதேதான். இவன் பதறக் கூடாதென்று என்னையும் பின்னால் உட்காரவிட்டார்கள், அதுதான் வினை. அச்சகத்தில் பக்கத்திலிருப்பவர் வாசிக்க வாசிக்க ம் கொட்டிக்கொண்டே பிழை திருத்தியவன் அல்லவா நான், அப்படி மூன்றை அடுத்து ஏழு வந்தபோதெல்லாம் என்னை அறியாமல் ம் போட்டிருக்கிறேன். இவன் திரையை விட்டுவிட்டு என் ம்முக்குக் காத்திருந்திருக்கிறான், எனக்குக் கண் சொக்கிய இடத்திலெல்லாம் அவனும் கோட்டை விட்டான். பரீட்சை வைத்த பெண் பாதியில் நிறுத்திவிட்டு, சார் பரீட்சை உங்களுக்கு இல்ல, கொஞ்சம் வெளிய இருங்க என்றாள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

ஓய்வு கொடுத்து மறுபடி வைத்தார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, இவன் இந்தப் பரீட்சையில் தேறக் கூடாது, என்னோடேயே இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். பெற்றவன் நினைக்கிற நினைப்பா இது. தனியாக விட்டதும் இவன் முன்னைவிட நன்றாகவே செய்திருக்கிறான். கடைசியில்தான் தளர்ந்திருக்கிறான், அது வியாதியோட பங்குங்க சார், சோம்பேறித்தனம் இல்ல, நடுநடுவுல ஓய்வு குடுத்தா அந்த வேலைய தாராளமா செய்வார் என்று அந்தப் பெண் சொன்னாள். எத்தனை வருஷம் இவனைப் பொறுப்பில்லாதவன் என்று திட்டித் தீர்த்திருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது, நான் போயிட்டா நீங்க யாரோடப்பா பேசுவீங்க என்று கேட்டான். அக்காதான் ஞாயித்துக்கிழமை தவறாம பேசுறாளே என்றேன். நீ பேசி நாலு மாதம் ஆகிறது, அது அவனுக்கும் தெரியும். சரிப்பா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வருகிற திங்கட்கிழமை கொண்டுபோய் விடுகிறேன். இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. பட்டறையிலிருந்து அவன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் செய்வான், அக்கா பேசினாளா என்றுதான் முதலில் கேட்பான். நீ காலையிலேயே பேசிவிடு அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா