அப்பா சிரித்த மொழி

பிராவிடன்ஸ்
மார்ச் 12

அன்பு மகள் லொரெட்டாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் அந்த ஓரிகன் மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அதற்குள் நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஏணியில் ஏறி அத்தி மரத்துக்குக் குளிருக்காகச் சுற்றிய சாக்கை அவிழ்த்துவிட்டார், பனி இன்னும் ஒரு தடவை விழும் என்றால் கேட்டால்தானே. உன் போன் வந்ததிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை. உங்கள் கல்லூரியில் நீ நடத்தும் இத்தாலிய வகுப்பை மூடப் பார்க்கிறார்கள், அதைப் படித்து பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்று கமிட்டியில் கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும் அம்மா என்றாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவை, உன் தாத்தா கஸ்பாரேயை, நீ பார்த்ததில்லை. வீட்டில் எங்களிடம் அரைகுறை இங்கிலீஷில்தான் பேசுவார், அதுவும் நாலு வார்த்தை. சாப்பிட்டியா, கதவைச் சாத்து, அவ்வளவுதான். பேச்சே வராத மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன். நான் கல்லூரியில் இத்தாலியன் எடுத்தபோது, "நான் விட்டுட்டு ஓடி வந்ததை நீ காலேஜுக்குப் போய்ப் பொறுக்குறியா?" என்றார். எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில் வகுப்போடு இத்தாலிக்கு, சியெனா நகரத்துக்குப் போனேன், அங்கிருந்து தனியாக ரயிலேறி மோலிசே மலையில் அவர் ஊருக்கும் போனேன். அவருடைய அக்கா நுன்சியாத்தா என் முகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையோடு காப்பிக்கடை டெலிபோனுக்கு இழுத்துப் போனாள். அவர் கப்பலேறி இருபத்தாறு வருஷம் கழித்து அக்காவும் தம்பியும் பேசுகிறார்கள். "கழுதை, உயிரோடதான் இருக்கியா?" என்று கத்தினாள். "செத்துட்டேன்க்கா, இங்க டெலிபோன் நல்லா எடுக்குது, அதான் பேசுறேன்" என்றாராம். பிறகு ரிசீவரை என் காதில் வைத்தாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதே இல்லை.

ஊர் திரும்பியதும் நான் இத்தாலியனில் பேச, "பாதிரியார் பிரசங்கம் மாதிரி இருக்குடி" என்று கேலி செய்தார், ஆனால் பதிலை இத்தாலியனிலேயே சொன்னார். அதற்கப்புறம் எட்டு வருஷம் எங்களுக்குள் பேச்சு நிற்கவே இல்லை. தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தார் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அவர் போன அன்று அக்காவுக்குச் செய்தி சொல்ல என் தம்பிகளுக்கு மொழி இல்லை, நான்தான் கூப்பிட்டேன். நுன்சியாத்தா ரொம்ப நேரம் அழுதாள். அழுகைக்கு நடுவில், கடைசியா ஏதாவது வாயடிச்சானா என்று கேட்டாள். ஆஸ்பத்திரி சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கா கப்பல் ஏறினேன்?" என்று கேட்டதைச் சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்பாவை நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் வழியனுப்பினோம்.

கமிட்டிக்காரர்களுக்கு இது லாபமாகத் தெரியுமா, எனக்குத் தெரியாது. சொல்லிப் பார், குரல் நடுங்கினால் நடுங்கட்டும். வெறும் வயிற்றோடு போகாதே. சூசையப்பர் உனக்குத் துணை இருப்பார். பத்தொன்பதாம் தேதி அவர் திருநாள், உன் தம்பிக்கும் அவர் பெயர்தானே, வாழ்த்த மறந்துவிடாதே.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
ஒலிந்தா