யூனிஸ் அன்ரியின் மர வீடுகள்

ஒக்டோபர் 6, ஞாயிறு

தேவாலயப் பூசை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு யூனிஸ் அன்ரி ஒரு சப்பாத்துப் பெட்டியைத் தந்தார். அவர் பிறந்த மேற்கிந்தியத் தீவு நகரம் போர்ட் ஒவ் ஸ்பெயினின் பழைய தபாலட்டைகள். எல்லாம் மர வீடுகள். கூரை விளிம்பில் சேலைக் கரை மாதிரிச் செதுக்கல். என்ன வடிவு! அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் ஒவ்வொரு நாட்டாரும் எங்கள் ஊர்ப் பொருட்களைக் காட்சிக்கு வைத்து மேசை போடுகிறோம். அன்ரிக்கு எண்பத்தாறு வயது, நிற்க ஏலாது. அவருடைய மேசையும் என் பொறுப்பு.

ஒக்டோபர் 9, புதன்

பிள்ளைகள் ரோல்ஸ் தின்ற கையோடு அட்டைகளைத் தொடுவார்களே? இடப்பெயர்வில் என் பிறப்புச் சான்றிதழ் மழையில் கூழான பிறகு, எங்கள் வீட்டில் பிளாஸ்ரிக் உறை ஒட்டி லமினேற் பண்ணாத கடதாசி இல்லை. மெஷினை எடுத்தேன். எல்லாம் பளபளவென்று வந்துவிட்டன.

"இனி வெள்ளம் வந்தாலும் பயமில்லை," என்றார் என் மனுசன் கொட்வின். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒக்டோபர் 13, ஞாயிறு

மண்டபத்தில் எல்லாம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்ரி ஒரு அட்டையைப் புரட்டி, பென்சிலால் எழுதப் பார்த்தார். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

"நான் இன்னும் எழுதி முடிக்கேல்லையே, மரினா."

அப்போதுதான் பின்பக்கத்து இங்கிலிஷை வாசித்தேன். எந்த வீட்டில் யார், எந்த யன்னல் யாருடையது என்று, நினைவு வரும்போதெல்லாம் எழுதி வந்திருக்கிறார். அந்த நினைவும் இப்ப குறையுது என்று டொக்டர் சொன்னவர். எடி விசரி, ஆரைக் கேட்டுச் செய்தனி என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

ஒக்டோபர் 14

சாப்பிட மனமில்லை.

ஒக்டோபர் 17, வியாழன்

"உரிச்சுப் பாப்பமே?" என்று கொட்வின் ஒரு அட்டையில் கை வைத்தார். படமும் சேர்ந்து உரிந்தது. "கையை எடுங்கோ!" என்று கத்திப்போட்டன். பாவம் மனுசன். மார்க்கர் வாங்கிக் கொடுத்தும் பார்த்தேன். அன்ரியின் கை நடுக்கத்தில் எழுத்தெல்லாம் இழுபட்டது.

ஒக்டோபர் 20, ஞாயிறு

இந்த நாட்குறிப்புக் கொப்பியையே தூக்கிக்கொண்டு போனேன். "நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

"உன்ரை பாசையிலயோ? எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"நான் வாசிச்சுச் சொல்லுறன். எப்ப கேட்டாலும்."

சிரித்தார். அப்பாடா.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று அன்ரிக்கு என்னை யாரென்று தெரியவில்லை. "நர்ஸ்" என்று கூப்பிட்டார். மாடி வீட்டு அட்டையைக் கையில் கொடுத்து, கொப்பியைப் புரட்டி வாசித்தேன்: மாடியில் இரண்டாவது யன்னல், வேர்னன் மாமாவின் அறை. கிளாரினெற் பழகுவார். பிழையாக ஊதினால் கீழேயிருந்து அம்மா கூட்டுகிற தும்புத்தடியால் சீலிங்கைத் தட்டுவா.

"மூன்றாவது," என்றார் அன்ரி. "இரண்டாவது என்ரை. திருத்து."

திருத்தினேன்.