ஞாயிறு மூன்று மணியின் லண்டன் சண்டை

என் பாசமுள்ள பெரியண்ணை,

நீங்கள் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். அதற்குள் லண்டனில் பிரதமர் மாறவில்லை. மாறியிருந்தால் முதல் வேலையாக உங்களுக்கு எழுதியிருப்பேன். நிரந்தர வதிவுரிமைக்கு ஐந்து வருடம் போதாது, பத்து வருடம் வேண்டும் என்று அங்கே இப்போது பெரிய வாதம் நடக்கிறது. ஆஸ்பத்திரிக் காத்திருப்புப் பட்டியல் குறைந்துவிட்டதாக ஒருவர் சொல்கிறார், கூடிவிட்டதாக இன்னொருவர் சொல்கிறார். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் பதில் சொல்லியிருப்பீர்கள்.

டோர்ட்மண்டில் ரொட்டித் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்த மனிதருக்கு லண்டன் அரசியலில் அப்படி என்ன அக்கறை என்று எல்லாரும் கேட்பார்கள். எனக்குக் காரணம் தெரியும். ஜெர்மன் செய்தி உங்களுக்குப் பாதிதான் பிடிபட்டது, ஆங்கிலச் செய்தி முழுதாக விளங்கியது. அதோடு சின்னண்ணை கல்யாணம் கட்டி லண்டனுக்குப் போனபிறகு, அந்த நாட்டில் நடப்பதெல்லாம் உங்கள் தம்பி வீட்டில் நடப்பதாகிவிட்டது. அங்கே மழை பெய்தாலும் அரசாங்கத்தைத்தான் திட்டுவீர்கள்.

ஞாயிறு மூன்று மணி. நான் உங்கள் வீட்டுக்கு வந்து சமைத்து, சாப்பாடு முடித்து, தேநீர் போட்டு, சின்னண்ணையை அழைத்து, தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைப்பேன். லண்டனில் அப்போது இரண்டு மணி. "அவங்கட மணிக்கூடும் அவங்கள மாதிரித்தான், ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வரும்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் நான் சிரிக்க வேண்டும். பிறகு நீங்கள் இரண்டு பேரும் தொடங்கிவிடுவீர்கள். வரி, ஆஸ்பத்திரி, கிழவர்களின் குளிர்காலக் கொடுப்பனவு என்று ஒன்றையும் விடமாட்டீர்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் யாராவது "வசந்தி, நீ சொல்லு" என்றால் குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவேன்.

அந்த நாடு ஐரோப்பாவை விட்டுப் போவதற்குச் சின்னண்ணை வாக்குப் போட்டபோதுகூட நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "மடையன்" என்றீர்கள், அடுத்த ஞாயிறு மறுபடி அழைத்தீர்கள். படகுகள்தான் எல்லாவற்றையும் கெடுத்தன. கடலைக் கடந்து சின்னப் படகுகளில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவர் சொன்னார்.

"நாங்கள் என்ன மாதிரி வந்தனாங்கள், மறந்துபோச்சோ?" என்று கேட்டீர்கள்.

"நாங்கள் பிளேன்ல வந்தனாங்கள், படகில இல்லை."

"கிழக்கு பெர்லினில இறங்கி, ரெயினேறி மேற்கு பெர்லினுக்கு வந்தது எந்தச் சட்டத்தில? உனக்கு அப்ப பதினேழு வயசு. என்ர கோட்டுக்க நிண்டு நடுங்கினனி."

பிறகு சின்னண்ணை சொன்னார், "உங்களுக்கு அங்கயும் வோட்டில்லை, இஞ்சயும் வோட்டில்லை. பிறகேன் அண்ணை இவ்வளவு கதைக்கிறியள்?"

நீங்கள் தேநீரைக் குடித்து முடித்தீர்கள். எழும்பி வந்து தொலைபேசியை அணைத்தீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் உங்கள் வீட்டில் மூன்று மணி வந்தது, போனது. நான்தான் நடுவில் நின்று இங்கே ஒரு மாதிரியும் அங்கே ஒரு மாதிரியும் சுகம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உங்களைக் கேட்டதாக உங்களிடமும், நீங்கள் அவரைக் கேட்டதாக அவரிடமும் சொன்னேன். அதில் எத்தனை தரம் பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் நகரமண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னீர்கள். அங்கே அதிகாரி எழுந்து நின்று உங்களுக்குக் கைகொடுத்து ஜெர்மன் குடியுரிமைப் பத்திரத்தைத் தந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். முப்பது வருடத்துக்கு மேலாக "பாப்பம், பாப்பம்" என்று தள்ளிப்போட்ட மனிதர், அறுபது வயதுக்கு மேல் யாருக்கும் சொல்லாமல் படித்துச் சோதனை எழுதியிருக்கிறீர்கள். பிறகு தேர்தல் வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்து, கழுத்துச் சால்வையைச் சரிசெய்துகொண்டு ஒரே ஒரு வசனம் சொன்னீர்கள்.

"அவனுக்குச் சொல்லாதை."

ஏன் அண்ணை? அவருக்குக் காட்டத்தானே இவ்வளவும் செய்தீர்கள்?

அடுத்த "சொல்லாதை" ஆஸ்பத்திரியில் வந்தது. கணையத்தில் புற்றுநோய், பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் அழுதேன். நீங்கள் அழவில்லை, என் கையைப் பிடித்து அதே வசனத்தைச் சொன்னீர்கள். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு நோயைச் சொல்லிப் பயப்படுத்தக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அம்மா படுத்தபோது ஊரிலிருந்து எங்களுக்கும் அப்படித்தான் மறைத்தார்கள். செத்த வீட்டுச் செய்தி வந்தபோது நீங்கள் சுவரில் குத்தியதை நான் பார்த்தேன். பார்த்த நானே அதைச் செய்தேன். சின்னண்ணை விசாரித்தபோது, "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு, செக் பண்ணத்தான் வச்சிருக்கினம்" என்றேன்.

கடைசி ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கிறதா? பேச்சுக் குறைந்துவிட்டது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "மூண்டு மணி போல" என்றீர்கள்.

நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று எனக்கு விளங்கியது. தொலைபேசி என் மடியிலேயே இருந்தது. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று, விளங்காத மாதிரி தண்ணீர் எடுத்துத் தந்தேன். நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினீர்கள். புதன்கிழமை போய்விட்டீர்கள். அந்தத் தண்ணீர்க் கோப்பையை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

அண்ணியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சின்னண்ணைதான் கொள்ளி வைக்க வேண்டும். செய்தி கேட்டவுடன் பயணச்சீட்டு எடுத்துவிட்டார். தகனத்தன்று காலையில் விமான நிலையத்திலிருந்து அழைத்தார்.

"விடமாட்டினமாம் பிள்ளை. என்ர பாஸ்போர்ட் சரியில்லையாம்."

கடவுச்சீட்டின் காலம் முடியவில்லை. ஆனால் அதைக் கொடுத்துப் பத்து வருடம் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் புதுப்பிக்கும்போது பழையதில் மிஞ்சிய மாதங்களையும் சேர்த்துப் போட்டுக் கொடுப்பார்களாம். ஐரோப்பாவுக்குள் இருந்தவரை அதை யாரும் பார்க்கவில்லை. வெளியே போனபிறகு, கொடுத்துப் பத்து வருடம் தாண்டியதைக் கொண்டு இங்கே வர முடியாது. அவர் வாக்குப் போட்டுக் கேட்ட விஷயந்தான் அண்ணை, அவரையே வாசலில் நிறுத்தியது. நீங்கள் என்றால் இதைச் சொல்லிக் காட்டியிருப்பீர்களா? எனக்கு மனம் வரவில்லை. "தம்பி வாறதுக்கிடையில முடிச்சிடாதைங்கோ எண்டு அவையளைக் கேள்" என்று அவர் அழுதார். தகன மண்டபத்தில் குறித்துக் கொடுத்த நேரத்தை, அந்த ரெர்மினை, மாற்ற முடியாது என்றார்கள். அடுத்த நேரம் பத்து நாளைக்குப் பிறகுதான்.

கொள்ளிக்குப் பதிலாக, உங்களை எரிக்கும் பொத்தானை நான்தான் அழுத்தினேன். ஐயர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "தங்கச்சி செய்யட்டும்" என்றார். தொலைபேசியை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள்ளே சின்னண்ணை விமான நிலைய நாற்காலியில் இருந்து, வெறுங்காலோடு கும்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் புதுக் கடவுச்சீட்டோடு வந்தார். நரைத்து, மெலிந்து, நீங்கள் நடக்கிற மாதிரியே நடந்து வந்தார். விமான நிலையத்தில் வெளிநாட்டவர்கள் கைரேகை வைக்கும் வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்றாராம். ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் அண்ணை. நோயைச் சொன்னேன், மூன்று மணியைச் சொன்னேன், தண்ணீரைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். "எனக்கு ஏன் சொல்லேல்லை" என்று ஒரு தரம் கேட்டார், அவ்வளவுதான். உங்கள் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதோடு விண்ணப்பத்தின் பிரதியும் இருந்தது. திகதியைப் பார்த்தார். சண்டை நடந்த ஞாயிறுக்கு அடுத்த நாள் திங்கள். தாளை முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

பின்னேரம் உங்கள் கதிரையில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் போட்டார். அது நீங்கள் விட்ட லண்டன் செய்தியிலேயே நின்றது. படகுகளைப் பற்றி யாரோ அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். சின்னண்ணை திரையைப் பார்த்து மெல்லச் சொன்னார், "நீ என்ன மாதிரி வந்தனி, மறந்துபோச்சோ?"

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அவர் பின்னாலேயே வந்து நின்றார். அப்போது சொன்னதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"ரெண்டு வருசமும் பிள்ளை, ஞாயிறு ரெண்டு மணிக்கு நான் ஒரு இடமும் போகேல்லை. போனை மேசையில வச்சிட்டு இருந்தனான்."

அந்தக் கடைசி ஞாயிறும் இருந்தாராம். நான் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். அந்தப் பொத்தானை விட்டுவிட்டு மற்றதை அழுத்தினேன்.

மன்னிப்பீர்களா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "விசர்க்கதை கதைக்காதை" என்பீர்கள். ஒரு வாக்குறுதி மட்டும் தருகிறேன். இனி யார் என்னிடம் "சொல்லாதை" என்றாலும், அது நீங்களே என்றாலும், நான் சொல்லிவிடுவேன். அவர் லண்டன் திரும்பிய பிறகு, போன ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் போட்டேன், தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். வதிவுரிமைக்குப் பத்து வருடம் அநியாயம் என்று நான் தொடங்கினேன். அவர் தன் பக்கத்தைப் பேசினார், ஆனால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் பேசினார். எனக்கு இன்னும் எல்லாம் விளங்கவில்லை, ஆங்கிலச் செய்தியை இப்போதுதான் கேட்கப் பழகுகிறேன். ஆனாலும் உங்கள் பக்கம் நின்று பேசும் நாற்காலி காலியாக இருக்காது. ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கு நான் அழைப்பேன்.

குழாயைத் திறக்காமல் பதில் சொல்லப் பழகிய,
உங்கள் தங்கச்சி
வசந்தி