செங்கோட்டையில் தண்ணீர் கொடுத்த சிப்பாய்

20 ஜூன் 1999, ஞாயிறு இரவு

எங்கள் மயூர் விஹார் குடியிருப்புப் பெண்கள் தில்லிச் செங்கோட்டை பார்க்கக் கிளம்பியபோது எதிர்வீட்டுக் கமலா என்னையும் விடாப்பிடியாக இழுத்துப் போனாள். என் மகன் சுரேஷ் கார்கில் போர்முனையில் இருக்கிறான். வாரக்கணக்காக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் டி.வி.யே கதியென்று கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

பாதுஷாக்கள் குளித்த ஹம்மாமைப் பூட்டிய கதவின் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. நடுவில் பளிங்குத் தொட்டி. பன்னீர் ஊற்றிக் குளிப்பார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மியூசியம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இரும்புக் கவசம், மார்புப் பக்கம் துளைபட்டிருந்தது. வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

காவலுக்கு நின்ற சிப்பாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "குடிங்கம்மா" என்றான், தமிழில். திருநெல்வேலிப் பக்கமாம். சுரேஷைப் பற்றிச் சொன்னேன்.

"மலை மேல இருந்து லெட்டர் வர நாளாகும்மா. ஏதாவதுன்னா உடனே சொல்லிருவாக. சொல்லலன்னா நல்லா இருக்காகன்னு அர்த்தம்."

எனக்கு மூச்சு வந்தது. "நீ இங்கேயேதானே இருப்பே?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் எங்களயும் அங்க அனுப்புதாக. அம்மாட்ட இன்னும் சொல்லல."

அதற்குள் கமலா, "ஜல்தி வாங்க மாமி, பஸ் கிளம்பறது" என்று கூப்பிட்டுவிட்டாள்.

அவன் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். சாமி விளக்கின் முன்னால் சுரேஷுக்காக வேண்டிக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்காகவும் வேண்டினேன், யாரென்று சொல்லத் தெரியாமல்.