இடது காதில் ஒரு தட்டு

மார்ச் 3

அன்புள்ள குள்ளச்சிக்கு,

நெட்டச்சி எழுதுவது. நான் நலம். நீ அங்கே கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் ஆள் தெரிகிற அளவுக்காவது நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை என் கையிலேயே வந்து விழுந்தது. மூட்டையை மேசையில் கொட்டியதும் உன் கோழிக்கிறுக்கல்தான் முதலில் கண்ணில் பட்டது. பக்கத்து மேசை அண்ணன், "என்னம்மா, உனக்கே உனக்கா?" என்றார். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். ஊருக்கெல்லாம் வருகிற தபாலைப் பிரிக்கிறேன், எனக்கென்று ஒன்றும் வரவில்லையே என்று எப்போதோ புலம்பினேன். அதை நினைவு வைத்துக்கொண்டு, போன் அவசரத்துக்கு மட்டும், மற்றதெல்லாம் கடிதத்தில் என்று நீ ஊர் மாறிப் போன அன்றைக்கே சட்டம் போட்டாய். அதற்காகவே உன்னுடைய ஆயிரம் குற்றத்தை மன்னிக்கலாம்.

இப்போது ஒரு உதவி வேண்டும். விடுதியில் உன் கட்டிலுக்கு வந்திருக்கிற ஓவிய டீச்சருக்கு இந்த மாதக் கடைசியில் பிறந்தநாள். ஒயர் இல்லாத இயர்பட்ஸ் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதை விற்பதுதானே உன் பிழைப்பு, நல்லதாக ஒன்று பார்த்துச் சொல். நீயும் நானும் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் செருகிக்கொண்டு, ஒயர் எட்டவில்லை என்று கட்டிலை இழுத்து ஒட்டிப் போட்டுப் படுப்போமே, இதில் அந்தத் தொல்லை இல்லையாமே. அவள் சன்னலோரம், நான் கதவோரம், ஆளுக்கு ஒன்று.

சீக்கிரம் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன்
நெட்டச்சி

மார்ச் 8

நெட்டச்சிக்கு,

"அன்புள்ள" போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை.

ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். என் பிறந்தநாளுக்கு நீ கொடுத்ததையெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பிளாஸ்டிக் வாளி. ஒரு நகவெட்டி. ஒரு வருஷம் சுத்தமாக மறந்தே போனாய், மறுநாள் நானே ஞாபகப்படுத்தினேன். நேற்று வந்தவளுக்கு இயர்பட்ஸ். நடக்கட்டும். அது "உன் கட்டில்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த மட்டில் சந்தோஷம். அந்தச் சன்னலுக்கு அட்டை வைத்து அடைத்தவள் நான் என்பதாவது அவளுக்குத் தெரியுமா?

எட்டாத ஒயரைத் தொல்லை என்கிறாய். எனக்கு அது ஒரு நாளும் தொல்லையாக இருந்ததில்லை.

சரி, தொழில் விஷயத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று காதின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், வெளிச்சத்தமும் சேர்ந்து கேட்கும். இன்னொன்று உள்ளே இறங்கி வெளிச்சத்தத்தை முழுக்க அடைத்துவிடும். அந்த வகை வாங்குகிறவர்களை நான் லேசில் விடமாட்டேன். கூட வருகிற தாளில் எறும்பு சைசுக்கு எழுத்து இருக்கும், அதை எவரும் படிப்பதில்லை. அதனால் ஒவ்வொருவரையும் கடை வாசல் வரை கூட்டிப்போய், ரோட்டைப் பார்க்க நிற்க வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்து, அவர்களையே செய்து காட்டச் சொன்ன பிறகுதான் பில் போடுவேன். "இவ பாதி நாள் வாசல்லதான் நிக்கிறா, பேசாம வாட்ச்மேன் சம்பளம் குடுத்திடலாம்" என்று முதலாளி திட்டுவார். திட்டட்டும். என்னிடம் வாங்கியவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்.

உன் டீச்சர் எப்படிப்பட்டவள் என்று எழுது. காது அளவு, தலைக்கனம் அளவு, எல்லாம் தெரிந்தால்தான் பொருத்தமாகப் பார்க்க முடியும்.

குள்ளச்சி

மார்ச் 12

அன்புள்ள (நான் போடுவேன்) குள்ளச்சிக்கு,

இவ்வளவு பொறாமையை ஒரே தபால்தலையில் எப்படி அனுப்பினாய்? எடைக்கு இன்னும் இரண்டு ஒட்டியிருக்க வேண்டும். அந்த நகவெட்டி நீயே கேட்டு வாங்கிக்கொண்டது, ஞாபகம் இருக்கட்டும்.

டீச்சர் பாவம்டீ. பகலெல்லாம் பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுவிட்டுத் தலைவலியோடு வருகிறாள். சாயங்காலம் மார்க்கெட் வரை சேர்ந்து நடப்போம். திரும்பி வந்து நான் காலை நீட்டிக்கொண்டு பேசுவேன், அவள் பேசாமல் வரைவாள். நான் பேசப் பேச அவள் கை ஓடும். என்ன வரைகிறாள் என்று இப்போது சொல்லமாட்டேன். முடிந்ததும் காட்டுகிறேன், நீயே பார்.

முக்கியமான சேதி. உன் ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன் இல்லையா, எங்கள் மேலதிகாரி ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். "அங்க யாரும்மா இருக்கா உனக்கு?" என்று கேட்டார். தங்கச்சி இருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். உன்னைப் பார்த்தால் நம்பமாட்டார், ஒரு முழம் குறைகிறதே.

இயர்பட்ஸை மறந்துவிடாதே.

உன்
நெட்டச்சி

மார்ச் 18

அன்புள்ள நெட்டச்சிக்கு,

மாற்றல் சேதி படித்தேன், அதனால் "அன்புள்ள" திரும்பி வந்துவிட்டது.

இதோடு பார்சல் வருகிறது. கடையில் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். தலைவலிக்காரிக்கு இதைவிட நல்லது கிடைக்காது. வெளிச்சத்தத்தை ஒட்ட அடைத்துவிடும். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. காதில் செருகிக்கொண்டால் போதும், வேறு ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கதவோரம், சன்னலோரம், ஆளுக்கு ஒன்று என்ற ஆசையை மட்டும் விட்டுவிடு. ஒருத்தி காதில் வைத்ததை இன்னொருத்தி வைத்தால் புண் வரும். கடைக்காரி சொல்கிறேன், கேட்டுக்கொள். இரண்டையும் அவளே போட்டுக்கொள்ளட்டும்.

நீ பேசப் பேச வரைகிறாளாமே. உன்னைத்தான் வரைகிறாள் என்று எனக்குத் தெரியாதா? நன்றாக வரையட்டும். உன் மூக்குக்கு மட்டும் தனியாக ஒரு தாள் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல். ஆறு வருஷத்தில் நான் உன்னை ஒரு கோடுகூட வரைந்ததில்லை. எனக்கு வரைய வராது. வந்திருந்தால் வரைந்திருப்பேன்.

உன்
குள்ளச்சி

ஏப்ரல் 2

அன்புள்ள குள்ளச்சிக்கு,

பார்சல் நல்லபடியாக வந்தது. டீச்சர் பெட்டியைத் திறந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். "அக்கா, தலைவலி போன இடமே தெரியல. உங்க ஃப்ரெண்டுக்கு என் சார்பா ஒரு பெரிய தேங்க்ஸ் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

ஆனால் போட்டால் எடுக்கிறதே இல்லை. நேற்று ஆபீசில் நடந்த ஒரு பெரிய கூத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, ஆள் மாதிரி நடித்தும் காட்டிச் சொல்லி முடித்தேன். அவள் திரும்பி, "ஏதாவது சொன்னீங்களாக்கா?" என்றாள். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. நடக்கும்போதும் பாட்டு கேட்டுக்கொண்டே முன்னால் போய்விடுகிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஓடிப்போய்த் தோளைத் தொட வேண்டியிருக்கிறது. யாரைக் குற்றம் சொல்வது? வாங்கிக் கொடுத்தவளே நான்தானே.

சாயங்காலம் பேச்சும் இல்லை, வரைவதும் நின்றுவிட்டது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான். நீ போன முதல் வாரம் அறை இப்படித்தான் இருந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

உன்
நெட்டச்சி

ஏப்ரல் 7

என் அன்புக்கும் அருமைக்கும் உரிய நெட்டச்சிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். உனக்காக வருத்தப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். முகம் கேட்கவில்லை. "என்னடீ தனியா சிரிக்கிற, லாட்டரி விழுந்துச்சா?" என்று கூட வேலை செய்கிறவள் கேட்டாள்.

நாள் முழுக்க உன் பேச்சைக் கேட்கக் கொடுத்து வைத்தவள் நான்தான். அது எல்லாருக்கும் அமையுமா? புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான். ஒரு பொருள் கையில் கிடைத்ததும் ஆளை மறந்துவிடுவார்கள். போகட்டும், அவளை விடு.

நீ கிளம்பி வா. அறை பார்த்துவிட்டேன். மாடியில், இரண்டு கட்டில், தண்ணீர் காலையிலும் சாயங்காலமும் வருகிறது. சன்னலோரக் கட்டிலை உனக்கே விட்டுக்கொடுக்கிறேன், இதற்கு மேல் என்ன வேண்டும்? நம்முடைய பழைய இயர்போன் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் போய்விட்டது. கேட்கிற பக்கம் உனக்கு.

மாற்றல் எந்த மட்டில் இருக்கிறது? மேலே இருப்பவர்களை விடாமல் நச்சரி.

என்றும் உன்
குள்ளச்சி

ஏப்ரல் 15

குள்ளச்சிக்கு,

திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் எனக்கு முன்னால் ரோட்டில் இறங்கினாள். ஒரு பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. வண்டிக்காரர் எப்படியோ ஒடித்துத் திருப்பிவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, ஒரு செருப்பு அறுந்தது, அவ்வளவோடு போயிற்று. இரண்டு பேரும் பக்கத்தில் இருந்த கடைப் படியில் உட்கார்ந்தோம். அதுவும் உன் கடை மாதிரி ஒரு செல்போன் கடை.

அங்கே விற்கிற பெண் தண்ணீர் கொடுத்தாள். டீச்சர் காதைப் பார்த்துவிட்டு, சைகை காட்டி, "இடது பக்கம் ஒரு தட்டு தட்டுங்க" என்றாள். டீச்சர் தட்டினாள். "இப்ப ரோட்டுச் சத்தம் கேக்குதா?"

டீச்சர் முகம் மாறிவிட்டது. "எல்லாமே கேக்குதே!"

"அடைக்கிறதுக்கும் திறக்கிறதுக்கும் அந்த ஒரு தட்டுதான். விக்கும்போதே வாசல்ல நிக்க வச்சு இதைத்தான் முதல்ல சொல்லித் தருவோம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

டீச்சர் என்னைப் பார்த்தாள். "என் ஃப்ரெண்டு சொன்னா. நான்தான் உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றேன்.

அறைக்கு வந்து உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். வாங்குகிற ஒவ்வொருவரையும் வாசல் வரை கூட்டிப்போவேன் என்று எழுதியிருக்கிறாய். அங்கே என்ன சொல்லித் தருவாய் என்று இப்போது தெரிந்துவிட்டது. முகம் தெரியாதவர்களையெல்லாம் கூட்டிப்போகிறாய். என்னை ஏன் கூட்டிப்போகவில்லை? காதுப் புண் கதையை வேறு நம்பினேன். ஆறு வருஷம் நமக்கு வராத புண்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் அவளிடம் நான் பேசியதெல்லாம் உன்னைப் பற்றித்தான். நீ பல்லியைப் பார்த்துக் கட்டில் மேல் ஏறியது, பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் போடுவது, நெற்றித் தழும்பு, எல்லாம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் வரைந்தாள். என்னை வரையவில்லை. உன்னைத்தான் வரைந்தாள். உன் பிறந்தநாளுக்கு நான் கொடுக்க நினைத்த பரிசு அது. பாதியில் நிற்கிறது, அப்படியே இதோடு வைத்திருக்கிறேன். வாய் மட்டும் போடவில்லை.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நான் இன்னும் போடவில்லை.

நெட்டச்சி

ஏப்ரல் 20

நெட்டச்சிக்கு,

மறந்துவிட்டேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். நான் மறக்கவில்லை. பார்சலோடு வைக்க உட்கார்ந்தபோது "இடது காது" என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அவள் என் சன்னலோரத்தில் உட்கார்ந்து உன் பேச்சைக் கேட்பது கண்ணில் வந்தது. அந்தத் தாளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். ரோட்டில் வண்டி வரும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் அதைச் சொல்லித்தானே சம்பளம் வாங்குகிறேன். எனக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான் காரணம். அவள் கையில் பட்ட சிராய்ப்பு நான் கொடுத்தது.

நீ எனக்காகச் சொன்ன பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள். இந்தக் கடிதத்தை டீச்சரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டு. இடது பக்கம் தட்டிவிட்டுக் கேட்கச் சொல்.

படத்தைக் கடை மூடிய பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்தவளைவிட அதில் இருந்தவள் நல்லவளாக இருந்தாள். என்னை யாராவது இவ்வளவு கவனித்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனாலும் திருப்பி அனுப்புகிறேன். அவள் முடிக்க வேண்டுமானால் நீ அவளிடம் பேச வேண்டும். சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு பேசு. இந்த முறை நான் செய்ததையும் சேர்த்துச் சொல். வாய் எப்படிப் போடுவது என்று அப்போது அவளுக்கே தெரிந்துவிடும்.

மாடி அறையின் இன்னொரு கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். கட்டில் காத்திருக்கிறதே என்று பாவம் பார்த்து நீ கையெழுத்துப் போடக் கூடாது. மனதிருந்தால் வா, தரையில் பாய் விரிக்க இடம் இருக்கிறது.

டீச்சரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா என்று எழுதுவதுதான் முறை. எழுத வரவில்லை. எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

குள்ளச்சி

பின்குறிப்பு: உறையில் அனுப்புநர் பெயரும் முகவரியும் எழுதவில்லை. கிறுக்கலைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிடும். திருப்பி அனுப்பத்தான் உங்கள் ஆபீசில் வழியில்லை.