குளியலறையில் சிவப்பு பல்பு

3 ஜூன் 2001, ஞாயிறு

ஜன்னலில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டியாகிவிட்டது. கதவிடுக்கில் பழைய லுங்கி. உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்த்தேன். கண் பழகியதும் குழாய்ப் பக்கம் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம். எங்கிருந்து வருகிறது? எப்போதோ ஆணி அடித்த ஓட்டை. சோப்பை அப்பி அடைத்தேன்.

கலருக்கு மாறிவிட்ட ஒரு ஸ்டூடியோவில் வாங்கிய, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் சில்வர் புரோமைடு கறுக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். அது ஒரு முகமாக மாறுவதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கெமிஸ்ட்ரி டீச்சராம்!

கணவர் முபாஷிர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஞாயித்துக்கெழம நாங்க எங்க குளிக்கிறது?"

5 ஜூன்

காலையிலேயே குளித்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

10 ஜூன்

முதல் பிரிண்ட். படம் முழுக்கச் சாம்பல். டெவலப்பர் கரைசலில் விரலை வைத்தால் ஆறின டீ மாதிரி இருக்கிறது. புத்தகம் இருபது டிகிரி என்கிறது. ராயபுரத்தில், ஜூன் மாதத்தில், நான் எங்கே போக?

பிறகுதான் உறைத்தது — என் வீட்டுக்காரர் காசிமேட்டில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிறார்!

17 ஜூன்

துணி ஊறவைக்கும் டப்பில் ஐஸ், அதன்மேல் ட்ரே. முபாஷிர் சைக்கிள் துடைக்கும் நெகட்டிவ். வெறும் தாள்... பிறகு சக்கரம்... ஒரு காது... முழு ஆள். என்னையறியாமல் கத்திவிட்டேன்.

கதவு தட்டும் சத்தம். ரோஷன் மதினி, முபாஷிரின் அக்கா. "இன்னாடி ஆச்சு? வழுக்கி வுழுந்துட்டியா?"

தாள்களை மூடிவிட்டு உள்ளே விட்டேன். மதினி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். இருபது வயதில் கையிலும் வாயைச் சுற்றியும் வெண்படை வந்ததாம். அதிலிருந்து முழுக்கை ரவிக்கை. எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் கையை வெகுநேரம் பார்த்தார்.

"ஷாஸியா, இங்க பாரேன். ஒரே கலரா கீது."

உண்மைதான். சிவப்பு பல்பின் கீழ் வெள்ளையும் கறுப்பும் பிரிந்து தெரியவில்லை. ஏன்? தோலின் நிறமி சிவப்பு வெளிச்சத்தை அவ்வளவாக விழுங்குவதில்லை போலும். நாளை லைப்ரரியில் தேட வேண்டும்.

24 ஜூன்

மதினி நான் கூப்பிடாமலே வந்தார், சட்டையைத் துணிக்கொடியில் போடுவது போலப் பிரிண்டுகளைக் கிளிப்பில் மாட்டினார். கழுவத் தண்ணீர்தான் கவலையாக இருந்தது. லாரித் தண்ணீரை இதற்குக் கொட்ட முடியுமா? ஆனால் புத்தகத்தில் ஓர் ஆச்சரியம்: படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவைத் தாளிலிருந்து கழுவ உப்புத் தண்ணீர்தான் வேகமாம்; கடைசியில் ஒரு முறை நல்ல தண்ணீர் போதுமாம். எங்கள் போர்வெல்லின் உப்புத் தண்ணீரை இத்தனை வருடம் திட்டினேனே!

1 ஜூலை

"என்னயும் ஒண்ணு எடு" என்றார் மதினி. மொட்டைமாடியில், உச்சி வெயிலில் எடுத்தேன்.

8 ஜூலை

ட்ரேயில் மதினியின் கண் வந்தது, மூக்கு வந்தது. வாயைச் சுற்றி மட்டும் வெறும் தாளாகவே நின்றது. அவரே கேட்டார். "அந்த எடத்த மட்டும் கறுப்பாக்க முடியுமா? சும்மா, எப்பிடி இருப்பேன்னு பாக்கத்தான்."

அட்டையில் ஓட்டை போட்டு, அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் காட்டினேன். அதிகமாகிவிட்டது. "ஐயே, மீச மொளச்சிருக்கு!" என்று மதினி சிரித்த சிரிப்பில் எனக்குக் கை ஓடவில்லை.

அடுத்தது சரியாக வந்தது. ஒரு வெள்ளைத் திட்டுகூட இல்லாத முகம். மதினி சிரிக்கவில்லை. ஈரத்தோடு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

15 ஜூலை

மதினி வரவில்லை. தலைவலியாம்.

18 ஜூலை

சாப்பிடும்போதுகூட என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். நான் செஞ்சிருக்கக் கூடாதோ? அவங்கதானே கேட்டாங்க — கேட்டா உடனே செஞ்சிடறதா? எனக்கு அது ஒரு பரிசோதனை. அவங்களுக்கு முகம்டி அது.

22 ஜூலை

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். மதினி வந்து கதவைச் சாத்தினார்.

"இவ்ளோ வருசமா அந்தப் படத்துல கீறவளத்தான் தேடிக்கினு இருந்தேன், ஷாஸியா. பாத்துட்டேன். ரெண்டு வாரம் எதிர்ல வெச்சுக்கினு பாத்தேன். நல்லாத்தான் கீறா. ஆனா யாரோ மாதிரி கீறா."

"கோபமா மதினி?"

"உன் மேல இன்னாத்துக்கு? அத வுடு. கேமராவ எப்பிடி புடிக்கிறது, அதச் சொல்லிக் குடு."

26 ஆகஸ்ட்

தண்டையார்பேட்டையில் உசேன் மாமா மகள் கல்யாணம். பெண்கள் பக்கத்துக்கு ஆண் போட்டோகிராபரை விடுவதில்லை. மதினி படம் எடுத்தார். போகஸ் சரியாகச் சிக்கவில்லை என்று ரவிக்கைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார். சிலர் அந்தக் கையையே பார்த்தார்கள். "இங்க இல்ல, கேமரா கண்ணாடியப் பாரு!" என்று அதட்டி, அதையும் எடுத்தார்.

சாப்பாட்டு நேரம். சஹனில் நான்கு பேர் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். மதினி யாரும் கூப்பிடாமல் வந்து எங்கள் சஹனில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அந்த இடைவெளியில் மதினி கேமராவைப் பத்திரமாக வைத்துவிட்டு, பிரியாணியில் கை வைத்தார்.