பூங்காத் தண்ணீரில் கரித்த உப்பு

ஆம்பூர்,
பிப்ரவரி 2005.

அன்பு மகள் பெர்சிஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் நன்றாகத் தூங்க வேண்டும் என்பதுதான் எங்கள் காலை ஜெபத்தில் முதல் வார்த்தை. அப்பாவுக்கு முட்டிவலி கம்மி, ஆனால் சைக்கிளை விட மாட்டேன் என்கிறார். நீ கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் பாதிக்கு மேல் அவர் வாயில்தான் போயிற்று.

நம் காலனிப் பூங்காவைப் பற்றிக் கேட்டிருந்தாய். போன கோடையில் போர்வெல் வற்றிப் புல்லெல்லாம் காய்ந்ததே, அதற்குப் பிறகு எல்லார் வீட்டுக் குளியல் தண்ணீரையும் துணி துவைக்கும் தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்த்து, ஜல்லியும் மணலும் கல்வாழையும் உள்ள தொட்டி வழியாக வடியவிட்டுப் பூங்காவுக்குப் பாய்ச்சலாம் என்று சங்கத்துக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். எழுதித்தான், பேச எனக்கு எங்கே வரும், எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் என்று பேர்தான், வகுப்பில் வரும் குரல் பெரியவர்கள் கூட்டத்தில் வருவதில்லை. தோல் பதனிடும் ஷாப் கழிவைப் பார்த்தே வளர்ந்த ஊர், சுத்தம் செய்த தண்ணீர் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். சங்கத் தலைவர் வில்சன் அண்ணன், "செடி செத்தா உங்க பேர்தான் கெடும் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். செம்பருத்தி பூத்துக் குலுங்கியது. எதிர்வீட்டு ஹேமலதா, குளிச்ச தண்ணியில பூத்தது சாமிக்கு ஆகுமா என்று தயங்கினவள், பிறகு கூடையோடு முதல் ஆளாக வந்தாள்.

பக்ரீத் முடிந்த அடுத்த வாரம் குழாய் ஓரத்துச் செடிகளெல்லாம் இலை கருகிச் சுருண்டன. இன்னா பண்ணாலும் சாக்கடை சாக்கடைதான் என்று ஆளாளுக்குப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுக் குழாயை அடைப்பதாக ஏற்பாடு. நான் குழாய் வாயில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தேன், நர்ஸ் பிள்ளை நீ திட்டாதே, ஒரே கரிப்பு. பக்கத்து வீட்டுச் சுகரா பேகம் அக்காவின் துவைக்கிற கல்லருகே தண்ணீர் வடியும் ஜல்தாரையில் கல்லுப்பு ஒதுங்கியிருந்தது. மதரஸாவுக்குக் கொடுக்கும் பக்ரீத் குர்பானி ஆட்டுத்தோலையெல்லாம் இந்த முறை அவர்கள் வீட்டில்தான் சேர்த்தார்கள், வண்டி வரும்வரை கெடாமல் உப்புப் போட்டு வைத்து, பிறகு அந்த இடத்தைக் கழுவி விட்டிருக்கிறார்கள். சொன்னால் அக்காவின் பேர் ஊர் வாயில் விழும், சொல்லாவிட்டால் குழாய் போய்விடும்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன் பெர்சிஸ். எங்கேயோ உப்பு கலந்துவிட்டது, நல்ல தண்ணீர் விட்டு மண்ணை அலசினால் துளிர்க்கும் என்று மட்டும் சொன்னேன். "யார் வீட்டு உப்பு, அதைச் சொல்லுங்க" என்றார் வில்சன் அண்ணன். அக்காவின் பேரை நான் சொல்லவில்லை. அப்போது சுகரா அக்காவே எழுந்து, "எங்க வூட்டு உப்புதான், தோலுக்குப் போட்டது. கழுவி வுட்டா பூங்காவுக்குப் போவும்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார். அவர் வீட்டுக்காரர் அமீர் பாஷா, தோல் ஷாப் மேஸ்திரி, தலையில் அடித்துக்கொண்டு, "உப்புத்தோல் அலசுற தண்ணி எங்க போவுதுன்னு ஷாப்புல தெனம் பேஜாரு, வூட்ல நான் பாக்கலியே" என்றதும் கூட்டமே சிரித்துவிட்டது. பாதிப் பேருக்குத் தோல்தான் பிழைப்பு, தோலுக்குப் போட்ட உப்பாயிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இனி தோலைத் தார்ப்பாயில் வைத்து உப்பைக் கழுவாமல் வாரிவிடுவது என்று முடிவாயிற்று. குழாய் தப்பியது, செம்பருத்தியும் இப்போது துளிர்க்கிறது.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து, "உப்பைப் பாத்தவ கதவைத் தட்டிக் கேக்க மாட்டியா? எனக்காக வாயை மூடிக்கினு நின்னியே, நான் இன்னா அசலாளா?" என்று கண் கலங்கினார். காப்பாற்றுவதாக நினைத்தேன், அவருக்கு அது தள்ளி வைத்ததுபோல் இருந்திருக்கிறது.

உன் அறையில் இருக்கும் ஃபீபி முகம் கொடுப்பதில்லை, காரணம் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை என்று ஃபோனில் சொன்னாயே. இதில் அம்மாவைப் போல இருக்காதே கண்ணு.

ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் வைத்திருப்பாராக. தலைக்கு எண்ணெய் வை. ஃபீபியிடம் நீயே முதலில் பேசு, இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே போ.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
தேவகிருபை